வேன் அக்காவின் பகல்நேர உத்தியோகம்

ஒரு துப்பறிவாளரைக் கையும் களவுமாகப் பிடித்ததால்தான் வேன் அக்காவுக்குத் துப்பறியும் வேலை கிடைத்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது அதுதான்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளியில் கொட்டுவாள்; மாலையில் அள்ளிக்கொண்டு வந்து வீடு வீடாக இறக்குவாள். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுப் பெற்றோரும் வேன் அக்கா என்றார்கள். அப்புறம் அவளைவிட இருபது வயது மூத்த தாத்தாக்களும் அக்கா என்றார்கள். போனை எடுத்தால் அவளே "வேன் அக்கா பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். புருஷனுடைய சிநேகிதர்கள்கூட அவனை "வேன் அக்கா வீட்டுக்காரர்" என்று சொல்லும் நிலைமை. அவன் லிஃப்ட் மெக்கானிக். தன் தொழிலைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

காலைக்கும் மாலைக்கும் நடுவில் கிடக்கும் பகலை என்ன செய்வது என்பதுதான் அவளுடைய நிரந்தரப் பிரச்சினை. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் டீசல் வீண். அதனால் பள்ளிக்குப் பின்னால் இருந்த அமைதியான தெருவில், மர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, சீட்டைச் சாய்த்து ஒரு தூக்கம் போடுவாள். அந்தத் தெருவில் எந்த வீட்டு ஜன்னல் எப்போது திறக்கும், எந்த நாய் யாரைப் பார்த்துக் குரைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு வாரம் எதிர்ப்பக்கம் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நிற்க ஆரம்பித்தது. உள்ளே வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வேன் அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"யார் வீட்டைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க?"

"நானா? ஃப்ரெண்டு ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டிருக்கேம்மா."

"திங்கட்கிழமையிலிருந்தா? கையில இருக்கிற பேப்பரும் திங்கட்கிழமை பேப்பர்தான். இது பிள்ளைங்க வந்து போற இடம் சார். ஒழுங்கா யாருன்னு சொல்லுங்க, இல்லைன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

அவர் பேப்பரை மடித்தார். அசடு வழியச் சிரித்தார். பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவராம். யார் உண்மையிலேயே காலை ஒடித்துக்கொண்டார், யார் சும்மா கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார் என்று போய்ப் பார்ப்பதுதான் அங்கே அவர் வேலை. இப்போது சொந்தமாக ஒரு துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார்.

"ஏம்மா, உங்களால வண்டிக்குள்ளேயே எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?" என்று கேட்டார்.

"எட்டு வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்."

"ஸ்கூல் வேன் ஒரு தெருவுல நின்னா யாராவது ஏன்னு கேட்பாங்களா?"

"யாரு கேட்பா?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். புதையலைப் பார்த்தவர் முழிக்கிற முழி அது. மறுநாளே ஆபீசுக்கு வரச் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னதும் புருஷன் சிரித்தான். "நீ துப்பறியப் போறியா? இத்தனை வருஷமா என் சட்டைப் பையில கையை விட்டு என்னத்தைக் கண்டுபிடிச்சே?"

"அதுல ஏதாவது இருந்தாத்தானே கண்டுபிடிக்கிறதுக்கு" என்றாள் வேன் அக்கா.

ஏன் ஒப்புக்கொண்டாள் என்று கேட்டால், சும்மா பொழுதுபோக்குக்கு என்பாள். ஒரே மகன் தொலைதூர ஊரில் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்குமேல் பேச்சு நகராது. நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பொழுதுபோக்கு என்று அவள் சொன்னால் நாமும் பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொள்வோம்.

ஆபீஸ் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு அறை. முன் அறையில் மேஜை, இரண்டு நாற்காலி, உட்கார்ந்தால் முனகும் சோபா. பின் அறையில் இரும்பு அலமாரி. கீழே யாராவது டயருக்குக் காற்றடித்தால் மாடியில் பேச்சு நிற்க வேண்டும். முதலாளி முதல் நாள் ஒரே ஒரு சட்டம் சொன்னார்: "பார்த்ததை எழுதுங்க. நினைச்சதை எழுதாதீங்க." வேன் அக்காவுக்கு அது சுலபமாகத்தான் தோன்றியது.

வேலை சுலபமாக இல்லை. பின்தொடர்வது என்ற கலை அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. முன்னால் போகும் காரைப் பிடிக்க வேண்டும் என்றால், ரோட்டைக் கடக்க ஒரு பிள்ளை நின்றாலும் இவள் வண்டியை நிறுத்தி, கையைக் காட்டி, அது பத்திரமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நகருவாள். அதற்குள் கார் அடுத்த ஊருக்கே போயிருக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "சரி, ஓடறவங்க பின்னாடி நீங்க போக வேண்டாம். ஒரே இடத்துல இருக்கிறவங்களைப் பாருங்க" என்றார்.

அப்படி அவர் அனுப்பிய முதல் ஆள் ஒரு கிடங்குத் தொழிலாளி. முதுகு போய்விட்டது, படுக்கையை விட்டு எழவே முடியவில்லை என்று மாதக்கணக்கில் லீவில் இருந்தான். அவன் வீட்டு எதிரில் சத்தமில்லாமல் நிற்க வேண்டும்; அவ்வளவுதான். வேன் அக்கா மெதுவாகப் போனாள், வீட்டு எதிரில் நிறுத்தினாள், நிறுத்திய கையோடு இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். எட்டு வருஷப் பழக்கம். எந்த வீட்டின் முன்னால் வண்டி நின்றாலும் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள், எழவே முடியாத மனிதன் யாரோ தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து, படிகளை ஒரே தாவாகத் தாவி வாசலுக்கு வந்து நின்றான். மடியில் தயாராக இருந்த கேமராவை அவள் அழுத்தினாள். படம் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. முதலாளிக்கு அவளைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை. பாதி திட்டினார், பாதி பாராட்டினார்.

இப்படியே சில மாதங்கள் ஓடின. வேன் அக்கா தேறிவிட்டாள். ஒருநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, "இந்தக் கேஸை நீங்களே தனியாப் பாருங்க" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு புருஷன் பெஞ்சாதி பிரிஞ்சிட்டாங்க" என்று அவர் ஆரம்பித்தார். "ஒரே பொண்ணு, ரெண்டாம் வகுப்பு. பொண்ணு அப்பாகிட்ட இருக்கு. சனி ஞாயிறு மட்டும் அம்மா வீட்டுக்குப் போகும். இப்ப அந்த அப்பா வியாழக்கிழமை தோறும் குழந்தையை யாரோ ஒரு பொம்பளை வீட்டுல விட்டுடறார்னு அக்கம்பக்கத்துல சொல்லியிருக்காங்க. அது யாருன்னு அம்மாவுக்குத் தெரியணும். அவரோட பேச்சுவார்த்தை இல்லை, அதனால குழந்தைகிட்டக் கேட்டிருக்காங்க. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சொல்லக் கூடாது, ரகசியம்'னு சொல்லுச்சாம். அந்தம்மா ஆடிப் போயிட்டாங்க. நேரா வக்கீல்கிட்டப் போயிருக்காங்க. யாரோ ஒருத்தி வீட்டுல விடறதோட இல்லாம, வாயைத் திறக்கக் கூடாதுன்னு வேற சொல்லி வெச்சிருக்காங்கன்னா எந்தக் கோர்ட்டும் பொண்ணை அந்தாள்கிட்ட விடாதுன்னு வக்கீல் சொல்றார். எனக்கும் அப்படித்தான் தோணுது."

மேஜைமேல் ஒரு போட்டோவை வைத்தார். ஆபீசுக்காகப் பகுதிநேரத்தில் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர், அந்த அப்பாவை வேலை முடிந்ததிலிருந்து பின்தொடர்ந்து போய் எடுத்ததாம். தூறல் விழும் சாயங்காலம். ஒரு வீட்டு வாசல். மழைக்கோட்டின் தொப்பியைத் தலைவரை இழுத்து விட்டுக்கொண்ட ஒரு பெண், முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு சிறுமியின் கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரும்பு கேட். கேட்டின் கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது.

அந்தக் கம்பியை வளைத்தது வேன் அக்காவின் புருஷன். பைக்கைப் பின்னால் எடுக்கும்போது இடித்தான். நேராக்கித் தருகிறேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அது அவள் வீடு. அது அவள் மழைக்கோட்டு. அவள் பட்டன் போட்டுவிடுகிற சிறுமி அவளுடைய முன்சீட்டுக்காரி.

பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும் பிள்ளை என்பதால் முன்னால் உட்கார வைத்து, அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. அவள் அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. வியாழக்கிழமை ஒரு வாரப் பத்திரிகை மெஷினில் ஏறும். அது முடியாமல் அவரால் கிளம்ப முடியாது. ஒரு வியாழக்கிழமை தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னிக்கு ஒருநாள் மட்டும் உங்ககூட வெச்சிருக்க முடியுமாக்கா?" என்று கேட்டார். ஒருநாள் இரண்டு நாளாகி, அப்புறம் எல்லா வியாழனும் ஆகிவிட்டது. பிள்ளையை அதன் வீட்டில் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். தெரிந்தால் வேன் போய்விடும். அதனால் வேன் அக்கா முன்சீட்டுக்காரியிடம், "இது நம்ம ரெண்டு பேர் ரகசியம், யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா?" என்று சொல்லி வைத்தாள். பிள்ளை கெட்டிக்காரி. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

"இந்தத் தெரு உங்க ஏரியாப் பக்கம்தானே?" என்றார் முதலாளி.

"ஆமா சார். பக்கம்தான்."

"யார் அந்தப் பொம்பளை, என்ன தொழில், அவளுக்கும் அந்தாளுக்கும் என்ன உறவு, குழந்தையை எதுக்கு வெச்சுக்கிறா. நாலும் வேணும்."

ஊரில் இருக்கிற அத்தனை பேர் விலாசத்தையும் தேடிப் பிடிக்கிற மனிதர், கூட வேலை செய்கிறவள் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கே, அந்த நாற்காலியிலேயே அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. வேன் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இந்த வேலையும் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். "பார்க்கிறேன் சார்" என்று போட்டோவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

புருஷன் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல என்ன கஷ்டம்? உன் பின்னாடியே நீ போ. நீதான் வேகமா ஓட மாட்டியே, சுலபமாப் பிடிச்சிடலாம்" என்றான்.

"சிரிக்காதீங்க. அந்த மனுஷன் பொண்ணை இழந்துடுவார்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப அவர்கிட்டச் சொல்லிடு."

"நான் யாரைக் கண்காணிக்கிறேனோ அவர்கிட்டயே போய்ச் சொன்னா அது என்ன வேலை?"

"சொல்லலைன்னா அது என்ன பழக்கம்?" என்றான் அவன்.

வியாழக்கிழமை வந்தது. முன்சீட்டுக்காரியும் வந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டு, நேராகக் கைகழுவப் போனாள். வேன் அக்கா வாசலிலேயே நின்றாள். சரி, உத்தியோகம் என்றால் உத்தியோகம்தான், ஒருமுறை இந்த வீட்டை யாரோ ஒருத்தி வீடு மாதிரி பார்ப்போம் என்று நினைத்தாள். பார்த்ததை மட்டும்.

வாசலில் பெரிய செருப்புகளுக்குப் பக்கத்தில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி. பிள்ளை போட்டுக்கொண்டு வந்தது இல்லை, இங்கேயே கிடப்பது. வாஷ்பேசின் முன்னால் ஒரு மர ஸ்டூல், பிள்ளை ஏறி நிற்பதற்கு. அதைக் கடைகடையாக ஏறி இறங்கி, ஆடாததாகப் பார்த்து வாங்கினவள் வேன் அக்கா. சமையலறையில் முயல் படம் போட்ட தட்டு. குளியலறையில் சிவப்புச் சீப்பு. அந்தச் சீப்பால்தான் வியாழக்கிழமைகளில் கலைந்த தலையைப் பிரித்து மறுபடி பின்னிவிடுவாள். சுவரில் ஓர் ஆணி, ஆள் இடுப்பு உயரத்தில். அதில் முன்சீட்டுக்காரி பையை மாட்டினாள். அந்த ஆணியை அவள் அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் இல்லை. புருஷன் எப்போது அடித்தான் என்றே தெரியாது.

யாருக்கோ உதவி செய்கிற வீட்டில் இத்தனை சாமான் இருக்காது. குழந்தை இருக்கிற வீட்டில்தான் இருக்கும். வேன் அக்கா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாரம் முழுக்க வியாழக்கிழமைக்காகத்தான் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்திரிகை சீக்கிரம் அச்சாகி அந்த அப்பா முன்கூட்டியே வந்து நின்ற நாட்களில் தனக்கு முகம் வாடியதும் ஞாபகம் வந்தது. அவர்தான் கேட்டார், உண்மைதான். ஆனால் அவர் கேட்காமல் இருந்துவிடுவாரோ என்று அவள் பயந்ததும் உண்மை.

"என்ன பார்க்கிறீங்க?" என்றாள் முன்சீட்டுக்காரி.

"ஒண்ணுமில்ல கண்ணு. உங்கம்மாகிட்ட நீ எதையும் மறைக்க வேண்டாம். நான் அப்படிச் சொன்னது தப்பு."

"அப்ப சொல்லலாமா?"

"சொல்லலாம்."

பிள்ளை பெருமூச்சு விட்டது. ஏழு வயசுப் பிள்ளை அப்படிப் பெருமூச்சு விட்டதைப் பார்த்து வேன் அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எவ்வளவு பெரிய பாரத்தை அதன் தலையில் ஏற்றி வைத்திருந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பகல் மாடி ஏறினாள். போட்டோவை மேஜைமேல் வைத்தாள்.

"சார், அந்தப் பொம்பளை நான்தான்."

முதலாளி சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அது முடியும்வரை இருவரும் பேசவில்லை.

"எப்பத் தெரியும்?"

"போட்டோவைப் பார்த்த அன்னிக்கே."

அப்புறம் அவர் திட்டிய திட்டு சைக்கிள் கடைவரை கேட்டிருக்கும். கட்சிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். வக்கீலிடம் என்ன சொல்வேன் என்றார். உன்னைப் போய் நம்பினேனே என்று மரியாதை ஒரு இடத்தில் நழுவியது, உடனே பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து தண்ணீர் குடித்தார்.

"யாருன்னு தெரிஞ்சுது. தொழிலும் தெரிஞ்சுது. உறவு?"

"அவர் என் வேன்ல பிள்ளையை ஏத்தி விடறவர். அவ்வளவுதான் சார்."

"குழந்தையை எதுக்கு வெச்சுக்கிட்டீங்க?"

வேன் அக்கா கேட்டில் வளைந்த கம்பியை, போட்டோவில், விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அவ அங்க இருந்தா எனக்கு நல்லா இருக்கு சார். அதுக்குத்தான்."

அவர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "இதை அந்தம்மாகிட்ட நான் சொல்ல முடியாது. வக்கீல் மூலமாப் போனா வேற மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றவில்லை. வேன் அக்கா அதுவரை அவளைப் பார்த்ததில்லை. சனி ஞாயிறுகளில் வேன் கிடையாது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். வேன் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சொல்லக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?" அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஸ்கூலுக்குத் தெரிஞ்சா என் வேன் போயிடும்னு சொன்னேங்க. உங்களை நினைக்கவே இல்ல. தப்புதான்."

"நான் ஒரு மாசமாத் தூங்கலை. தெரியுமா உங்களுக்கு? அவளைக் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கயாவது அடி கிடி பட்டிருக்கான்னு." பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தாள். "யாரோ ஒருத்தர் என் பொண்ணுகிட்ட ரகசியம்னு சொல்லியிருக்காங்கன்னா நான் வேற என்ன நினைப்பேன்?"

வேன் அக்காவால் தலை நிமிர முடியவில்லை. திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்று காத்திருந்தாள். ஆனால் அந்த அம்மா கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்டுல அவ என்ன பண்ணுவா?"

"வந்ததும் கை கழுவுவா. பால் குடிப்பா, ஆடை இருந்தா தொடமாட்டா. வீட்டுப்பாடத்துல கணக்கை முதல்ல முடிச்சிடுவா. அப்புறம் எங்க வீட்டுக்காரரோட பழைய ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுச் சின்னது, பெருசுன்னு அடுக்குவா. அடுக்கும்போது பாடுவா. கூப்பிட்டா காது கேட்காது. முன்னாடி பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டிருந்ததில்ல, அது எங்க வீட்டுலதான் விழுந்துச்சு. பயந்துட்டா. அப்புறம் கண்ணாடியில பார்த்து ஒரே சிரிப்பு..."

வேன் அக்கா சட்டென்று நிறுத்தினாள். அந்த அம்மா ஒவ்வொரு சொல்லையும் பசித்தவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். பாடுவாள் என்பது அவளுக்குத் தெரியாது. பல் விழுந்து ஓட்டையான வாயைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"சொல்லுங்க" என்றாள் அந்த அம்மா.

"அவ்வளவுதாங்க."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த அம்மா எழுந்தாள்.

"வியாழக்கிழமை ஷிஃப்டை மாத்திக் கேட்கிறேன். இனிமே அவளை நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அவர் வேலை முடிச்சு எங்க வீட்டுல வந்து கூட்டிக்கட்டும். அவருக்கு நானே போன் பண்றேன்." கொஞ்சம் தயங்கி, "வக்கீல்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

நல்ல முடிவுதான். வேறு என்ன வேண்டும்? அப்பாவிடமிருந்து பிள்ளை பிரியவில்லை, அம்மாவுக்கு வாரத்தில் ஒருநாள் கூடக் கிடைத்தது. வேன் அக்கா மனதாரச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டுக்கொண்டே படி இறங்கினாள், கடைசிப் படியில் கால் தடுக்கியது.

திங்கட்கிழமை தானே போய்ப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்றார். அச்சகத்துக்காரர் வேன் கதவருகில் நின்று, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்று சொல்லிவிட்டு முகம் கொடுக்காமல் போனார். அவர் கோபமும் நியாயம்தான். துப்பறியும் ஆபீசில் ஒரு வாரம் வர வேண்டாம் என்றார் முதலாளி. புதன்கிழமையே போன் பண்ணினார். ஒரு மருந்துக் கடை வாசலில் உட்கார ஆள் இல்லையாம்.

வியாழக்கிழமை வேன் அக்கா வழக்கம்போல் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, கடைசியாக முன்சீட்டுக்காரியின் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவள் அம்மா அங்கே நின்றிருந்தாள். நன்றாகச் சீவி, நல்ல சட்டை போட்டு, ரொம்ப நேரமாகக் காத்திருந்தவள் மாதிரி இருந்தாள். முன்சீட்டுக்காரி குதித்து இறங்கி ஓடினாள். ஓடியவள் பாதியில் நின்று, திரும்பி வந்து, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க?"

"நான் என்ன கண்ணு?"

"இன்னிக்கு உங்ககூட யார் இருப்பாங்க?"

"மாமா வருவாரில்ல."

"மாமா லேட்டாத்தானே வருவாங்க. அதுவரைக்கும் உங்களை எங்க விடறது?"

தன்னை எங்கே விடுவது என்று அப்பாவும் அம்மாவும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அதற்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டது. வேன் அக்கா கையை நீட்டி, பிள்ளையின் தோளில் நழுவிய பைப் பட்டையைச் சரிசெய்தாள். அந்த அம்மா அருகில் வந்து மகளின் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு வேன் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பெரியவ இல்லையா கண்ணு. தனியா இருப்பேன்" என்றாள் வேன் அக்கா கடைசியில். "போ, அம்மா நிக்கறாங்க பாரு."

கதவைச் சாத்தி, பார்த்து வண்டியை எடுத்தாள். தெருமுனை திரும்பியதும் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, நன்றாக அழுதாள்.